ஹார்பினில் வழி தவறிய ஒரு நாள்: ப்ளேக்கை நிறுத்திய பினாங்கு டாக்டர்

1/
 

எம்பிபிஎஸ் படிக்க சீனா போன நாலு பேர், மைனஸ் 25 டிகிரி குளிர்ல வழி தவறி, குளிர் தாங்காம ஒரு கட்டடத்துக்குள்ள நுழைஞ்ச கதை. அங்க நாங்க சந்திச்ச ஒரு மனுஷனோட கதை. கடைசில, டாக்டரான பிறகு நான் வெட்கப்பட்ட ஒரு ராத்திரியோட கதை.

ஊர் பேரு ஹார்பின்.

2/
மூணாவது வருஷம் குளிர்கால லீவு. ஊருக்கு வந்து போக டிக்கெட் காசு கட்டுப்படியாகல. ஹாஸ்டல்ல மிச்சம் இருந்தது நாலே பேர். நான், ஒரு மதுரைக்காரன், ஒரு ஈரோட்டுப் பொண்ணு, ஒரு கொல்லம் பையன்.

"இங்க உட்கார்ந்து நூடுல்ஸ் தின்னு சாகுறதுக்கு, ஐஸ் திருவிழா பார்த்துட்டு வருவோம்டா"ன்னு மதுரைக்காரன் ஆரம்பிச்சான். இருக்கறதுலயே விலை கம்மியான ஹார்ட் சீட் டிக்கெட். ஒரு பகல், ஒரு ராத்திரி பயணம்.

அப்போ சீனப் புத்தாண்டு நெருங்குது. பெட்டி முழுக்க ஊருக்குப் போற தொழிலாளிங்க. நடக்குற வழியில மூட்டை, மூட்டை மேல குழந்தை. நம்மூர்ல தீபாவளிக்கு முந்தின நாள் கோயம்பேடு எப்படி இருக்கும்? அதை அப்படியே ரயிலுக்குள்ள அடைச்ச மாதிரி.

இந்தக் கூட்டத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

3/
ஹார்பின் சீனாவின் வடகிழக்கு மூலையில், ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தின் தலைநகர். ஆனா போய் இறங்கினா, இது சீனாவான்னு சந்தேகம் வரும்.

காரணம், நகரத்தை வளர்த்தவங்க ரஷ்யர்கள். 1898இல் மஞ்சூரியா வழியாக விளாடிவஸ்டாக்குக்கு ரயில் பாதை போட ஆரம்பிச்சாங்க. அந்தப் பாதை சோங்ஹுவா ஆற்றைக் கடக்கிற இடத்தில் உருவானதுதான் ஹார்பின். வெங்காயக் கோபுரம் வச்ச புனித சோபியா தேவாலயம், கருங்கல் பாவிய சோங்யாங் தெரு, ரஷ்ய ரொட்டி, புகை போட்ட சிவப்பு சாசேஜ்னு அந்த வாசனை இன்னும் போகல.

4/
முதல் நாள் எல்லா டூரிஸ்டும் செய்யறதைத்தான் செஞ்சோம். ஐஸ்ல கட்டின அரண்மனை பார்த்தோம். உறைஞ்சுபோன ஆத்து மேல நடந்தோம். அந்தக் குளிர்லயும் தெருவுல நின்னு குச்சி ஐஸ் சாப்பிடறது அந்த ஊர் பழக்கம். கடைக்காரர் ஐஸ்கிரீமை ஃப்ரிட்ஜ்ல வைக்கல. அட்டைப் பெட்டியில வெளியவே வச்சிருந்தார். வெளிய இருக்கறதே ஃப்ரீசர்தானே!

கொல்லம் பையன் கண்ணு இமையில பனி படிஞ்சு, ஒரே நாள்ல கிழவன் ஆயிட்டான்.

5/
ரெண்டாவது நாள் காலைல தாவ்வாய்ங்கற பழைய பேட்டைக்குப் போனோம். ரஷ்ய முகப்பும் சீன முற்றமும் கலந்த நூறு வருஷப் பழைய வீடுகள் அங்க இருக்கு. அப்படியே நல்ல குவோபாவ்ரோ சாப்பிடலாம்னு கணக்கு. பொரிச்ச பன்றிக்கறியில புளிப்பும் இனிப்புமா பாகு ஊத்தித் தருவாங்க, ஹார்பினோட கையெழுத்து அது.

அங்கதான் மாட்டினோம். மேப் ஓடிட்டு இருந்த என் போன், 60 சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே படுத்துருச்சு. குளிர்ல பேட்டரி அப்படித்தான் செத்துப்போகும். அடுத்த பத்து நிமிஷத்துல நாலு போனும் காலி. எங்க சீன மொழி, ஆஸ்பத்திரில "எங்க வலிக்குது?"ன்னு கேட்க மட்டும் பத்தும். வழி கேட்கப் பத்தாது.

6/
அரை மணி நேரம் சுத்தினோம். விரல் நுனி உணர்வே இல்ல. ஈரோட்டுப் பொண்ணுதான் ஒரு கதவைக் காட்டி, "எதா இருந்தாலும் பரவால்ல, உள்ள ஹீட்டர் இருக்கும், வாங்க"ன்னா.

உள்ள போனா மியூசியம். கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒரு படத்துல வரிசையா ஆளுங்க நிக்கிறாங்க. எல்லார் முகத்துலயும் வாயையும் மூக்கையும் மூடி, தலைக்குப் பின்னாடி கட்டின வெள்ளைத் துணி. பக்கத்துல மீசை வச்ச, மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு இளைஞர் மைக்ரோஸ்கோப் முன்னாடி உட்கார்ந்திருக்கார்.

கீழே ஒரு வரி இங்கிலீஷ். பிறப்பு: 1879, பினாங்கு.

"பினாங்கா? எங்க பெரியம்மா இருக்கற பினாங்கா?"ன்னான் மதுரைக்காரன். அதே பினாங்குதான்.

அவர் பேரு டாக்டர் வூ லியன் தே.

7/
இப்போ 1910க்குப் போவோம்.

மங்கோலிய, சைபீரியப் புல்வெளிகளில் தார்பகான் என்று ஒரு பிராணி உண்டு. மர்மோட் இனம். அணிலோட பெரிய அண்ணன்னு வச்சுக்கோங்க. அதன் தோலுக்குச் சாயம் ஏற்றி, விலை உயர்ந்த சேபிள் ரோமம் மாதிரி விற்கும் தொழில்நுட்பம் வந்தது. ஐரோப்பாவில் கிராக்கி. தோல் விலை எகிறியது.

வேலை தேடி மஞ்சூரியாவுக்கு வந்த ஏழைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேட்டைக்கு இறங்கினார்கள். அந்தப் பகுதியின் பழைய வேட்டைக்காரர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: ஓட முடியாமல் தள்ளாடும் தார்பகானைத் தொடக் கூடாது. புதுசா வந்தவங்களுக்கு அது தெரியாது. தள்ளாடுறது கையில சுலபமா கிடைக்குதே!

அந்தப் பிராணியோட உடம்பில் இருந்தது ப்ளேக் கிருமி.

8/
மெடிக்கல் ஸ்டூடன்ட் இல்லாதவங்களுக்குச் சின்னதா ஒரு விளக்கம்.

ப்ளேக்கில் நமக்குப் பழக்கமானது நெறிகட்டும் ப்ளேக். எலி, எலி மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி, அது கடித்து மனிதன். இடுப்பு மடிப்பிலும் அக்குளிலும் நெறி கட்டும். இதில் மனிதனிடமிருந்து மனிதனுக்கு நேரடியாகப் பரவுவது அபூர்வம்.

ஆனால் கிருமி நுரையீரலில் குடியேறினால் கதையே வேற. இருமும்போது தெறிக்கும் எச்சில் துளி போதும், எதிரில் இருப்பவருக்குத் தொற்ற. எலியும் வேண்டாம், தெள்ளும் வேண்டாம். காய்ச்சல், இருமல், ரத்தச்சளி, ரெண்டு மூணு நாளில் மரணம். ஆன்டிபயாடிக் இல்லாத காலம் அது. இந்த வகை வந்தவர்களில் பிழைத்தவர் அநேகமாக யாருமே இல்லை.

9/
வேட்டைக்காரர்கள் தங்கிய சத்திரங்களை நினைச்சுப் பாருங்க. வெளிய மைனஸ் 30. ஜன்னலைத் திறக்க முடியாது. காங் என்ற சூடேற்றிய செங்கல் திண்ணையில், ஒருத்தர் மூச்சு இன்னொருத்தர் முகத்தில் படும்படி வரிசையாகப் படுக்கை. ஒருத்தர் இருமினால் போதும்.

1910 அக்டோபரில் ரஷ்ய எல்லையில் உள்ள மன்சௌலியில் தெரிய வந்த நோய், சில வாரங்களில் ரயிலேறி ஹார்பின் வந்தது. நகரத்தின் ரஷ்யப் பகுதிக்குப் பக்கத்தில் சீனத் தொழிலாளர்கள் வாழ்ந்த பேட்டை ஃபூஜியாதியன். சுமார் 24,000 பேர். நோய் அங்கேதான் வெடித்தது.

அந்த ஃபூஜியாதியன்தான் இன்னைக்கு தாவ்வாய். நாங்க வழி தெரியாம சுத்திட்டு இருந்த அதே சந்துகள்.

10/
வூ லியன் தேவுக்கு அப்போது வயது 31. பினாங்கில் ஒரு பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை. ராணி உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போய் மருத்துவம் படித்து, ஐரோப்பாவின் பெரிய ஆய்வகங்களில் நுண்ணுயிரியல் கற்று, ஊர் திரும்பியவர்.

திரும்பிய ஊரில் அவருக்கு இடம் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் மேல்பதவி வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். பினாங்கில் தனி கிளினிக் வைத்தார். அபினுக்கு எதிராகப் பேசினார். அபின் வியாபாரம் அன்றைக்குப் பெரிய புள்ளிகளின் தொழில். அவருடைய மருந்தறையில் சிகிச்சைக்காக வைத்திருந்த அபின் டிங்சரைக் காட்டியே வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள்.

மனசு வெறுத்த நேரத்தில் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. தியான்ஜின் ராணுவ மருத்துவக் கல்லூரியின் துணை இயக்குநர் பதவி. போனார். இத்தனைக்கும் சீனாவின் பொதுமொழி அவருக்குச் சரளமாக வராது. நம்ம மாதிரிதான்!

11/
1910 டிசம்பரில் சீன வெளியுறவுத் துறையிலிருந்து தந்தி. "ஹார்பின் போங்கள், என்ன நோய் என்று பாருங்கள்."

ஒரு மாணவர், ஒரு மைக்ரோஸ்கோப், கொஞ்சம் சாயம், சோதனைக் குழாய்கள். டிசம்பர் 24 இரவு ரயிலில் இறங்கினார்கள்.

27ஆம் தேதி தகவல் வந்தது. ஃபூஜியாதியனில் விடுதி நடத்திய ஒரு ஜப்பானியப் பெண் இறந்துவிட்டார். பிரேதப் பரிசோதனை செய்தால் விடை கிடைக்கும். ஆனால் சீன வழக்கத்தில் இறந்த உடலை அறுப்பது பெரும் பாவம். விஷயம் வெளியே தெரிந்தால் கலவரமே வரலாம்.

அந்த வீட்டின் சின்ன அறையிலேயே, சத்தமில்லாமல், வூவும் மாணவரும் அறுத்தார்கள். நுரையீரல், மண்ணீரல், ரத்தம் எடுத்தார்கள். தையல் போட்டு உடலைப் பழையபடி சரி செய்து அனுப்பினார்கள்.

மைக்ரோஸ்கோப்பில் ரெண்டு முனையும் சாயம் பிடித்த, ஊசி மாதிரி சின்னக் கிருமிகள். ப்ளேக்.

12/
ஆனால் இறந்தவர்கள் யாருக்கும் நெறி கட்டவில்லை. எல்லோருக்கும் இருமல். எல்லோருக்கும் ரத்தம். வீட்டில் ஒருத்தருக்கு வந்தால் வீடே காலி.

ஹார்பினில் அதற்கு முன்பே ஒரு ஜப்பானிய மருத்துவர் நூற்றுக்கணக்கான எலிகளை அறுத்துப் பார்த்திருந்தார். ஒரு எலியில்கூட ப்ளேக் இல்லை. அதனால் இது ப்ளேக்கே இல்லை என்று ஒரு தரப்பு நம்பியது.

வூ அதே உண்மையைத் திருப்பிப் பார்த்தார். எலியில் இல்லை என்றால், எலி வழியாக வரவில்லை என்றுதானே அர்த்தம்? காற்றில் தெறிக்கும் துளி வழியாக மனிதனிலிருந்து மனிதனுக்குப் போகிறது.

இன்னைக்கு நமக்கு இது சாதாரணம். அன்றைக்கு இது கலகம். ஏன்?

13/
ஏன்னா உலகம் ப்ளேக்கைக் கத்துக்கிட்டது நம்ம நாட்டுல.

1896இல் பம்பாயில் ப்ளேக் புகுந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேல் உயிர் எடுத்தது. எலித்தெள்ளுதான் கடத்துகிறது என்று 1898இல் பால் லூயி சிமோன் கண்டதும் இந்தியத் துணைக்கண்டத்தில்தான். வால்டெமர் ஹாஃப்கின் ப்ளேக் தடுப்பூசி செய்ததும் பம்பாயில்தான்.

அப்போ உலகத்து மருத்துவர்கள் எல்லாருக்கும் ஒரே பாடம்: ப்ளேக்கா? எலியைப் பிடி. அந்தப் பாடம் சரிதான். ஆனால் ஹார்பினுக்கு அது பொருந்தல.

14/
இங்கே கதைக்குள் வருகிறார் டாக்டர் ஜெரால்ட் மெஸ்னி. பிரெஞ்சுக்காரர். தியான்ஜினில் வேறொரு மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர். ப்ளேக்கை முன்பே கையாண்ட அனுபவசாலி. வயதிலும் பதவியிலும் வூவுக்குச் சீனியர்.

1911 ஜனவரி தொடக்கத்தில் உதவிக்கு வந்தார். வூ தன் கண்டுபிடிப்பைச் சொல்லி, "நோயாளியிடம் போகும்போது மாஸ்க் போடுங்கள்" என்றார். மெஸ்னிக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு சீனாக்காரன் எனக்குச் சொல்லித் தருவதா என்று திட்டித் தீர்த்ததாக வூ தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

வூ ராஜினாமா தந்தி அடித்தார். அரசாங்கம் வூ பக்கம் நின்றது.

மெஸ்னி, ரஷ்ய ஆஸ்பத்திரிக்குப் போய் ப்ளேக் நோயாளிகளைப் பரிசோதித்தார். மாஸ்க் இல்லாமல்.

ஜனவரி 11ஆம் தேதி இறந்தார்.

15/
ஊரே உறைந்து போனது. ஒரு வெள்ளைக்கார நிபுணரே செத்துட்டாரா!

அதுவரை அலட்சியமாக இருந்தவர்கள் எல்லாம் மாஸ்க் தேடி ஓடினார்கள். வூ வடிவமைத்தது ரொம்ப எளிமையானது. ரெண்டு அடுக்கு காஸ் துணிக்கு நடுவில் பஞ்சு. தலைக்குப் பின்னால் கட்ட நாடா. எந்த ஊரிலும் கிடைக்கும் பொருள், மலிவான விலை, யாரும் தைக்கலாம்.

ஆபரேஷன் தியேட்டரில் மாஸ்க் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆனால் ஒரு கொள்ளை நோயின்போது மருத்துவர், போலீஸ், பிணம் தூக்குபவர், தெருவில் போகிறவர் என்று இத்தனை பேர் முகத்தில் மாஸ்க் ஏறியது அதுவரை உலகம் காணாத காட்சி. மியூசியத்தில் நாங்க பார்த்த படம் அதுதான்.

16/
மாஸ்க் மட்டும் இல்லைங்க. வூ செய்த மத்ததைப் பாருங்க, 2020 ஞாபகம் வரும்.

ஃபூஜியாதியனை நாலு வட்டாரமாகப் பிரித்தார். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு நிறக் கைப்பட்டை. வட்டாரம் விட்டு வட்டாரம் போக அனுமதி வேணும். சுற்றிலும் சிப்பாய்கள். வீடு வீடாகச் சோதனை.

நோயாளியோடு பழகியவர்களைத் தனிமைப்படுத்த இடம் இல்லை. ரஷ்ய ரயில்வேயிடம் 120 சரக்குப் பெட்டிகளைக் கடன் வாங்கி, உள்ளே அடுப்பு வைத்து, தனிமை முகாம் ஆக்கினார்.

அப்புறம் ரயில். புத்தாண்டுக்கு ஊர் திரும்பும் தொழிலாளர் கூட்டம்தான் நோயைத் தெற்கே சுமந்து போனது. ரயில்களை நிறுத்தினார்கள். நாங்க மூட்டை நடுவுல உட்கார்ந்து வந்தோமே, அதே பயணம், அதே சீசன்.

17/
அந்த ரயில்வே வேலையில் இன்னொரு உயிரும் போனது. ஆர்தர் ஜாக்சன், 26 வயது பிரிட்டிஷ் டாக்டர். சீனா வந்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது. முக்டென் ரயில் நிலையத்தில், அதாவது இன்றைய ஷென்யாங்கில், பயணிகளைப் பரிசோதித்தவர் ஜனவரி 25ஆம் தேதி ப்ளேக்கில் இறந்தார்.

இந்தப் பெயரைச் சொல்லக் காரணம் இருக்கு. எல்லாம் தெரிந்தும், மாஸ்க் போட்டும், ஜாக்கிரதையாக இருந்தும் செத்தவர்கள் உண்டு. பிணம் தூக்கியவர்கள், சமைத்தவர்கள், காவல் நின்ற சிப்பாய்கள் என்று ஒழிப்புப் பணியில் இருந்த கிட்டத்தட்ட 300 பேர் இறந்தார்கள். அவங்க பேரு எந்தப் படத்துக்குக் கீழேயும் இல்ல.

18/
ஜனவரி கடைசி. தினமும் நூற்றுக்கும் மேல் சாவு. வூ இடுகாட்டைப் பார்க்கப் போனார்.

தரை பாறை மாதிரி உறைந்து கிடந்தது. குழி வெட்ட முடியவில்லை. வாரக்கணக்கில் வந்த சவப்பெட்டிகள் அப்படியே மண்ணுக்கு மேலே, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. பெட்டி கூட இல்லாத உடல்கள் வேறு. அந்தக் குளிரில் கிருமி உயிரோடு இருக்கும். எலிகள் வந்து கடித்தால் இன்னொரு சுற்று ஆரம்பிக்கும்.

எரிக்க வேண்டும். ஆனால் மூதாதையர் வழிபாடே உயிரான ஒரு சமூகத்தில், புதைக்கிற வழக்கமுள்ள மக்களிடம், "உங்க அப்பாவை எரிக்கப் போறேன்"னு எப்படிச் சொல்றது?

அவர் செஞ்சது எனக்கு ரொம்பப் பிடிக்கும். உத்தரவு போடல. ஊர்ப் பெரியவர்களையும் அதிகாரிகளையும் அந்த இடுகாட்டுக்கே கூட்டிட்டுப் போய் காட்டினார். அப்புறம் அவர்களும் சேர்ந்து பேரரசருக்கு மனு போட்டார்கள். அனுமதி வந்தது.

19/
1911 ஜனவரி 31. சீனப் புத்தாண்டின் ரெண்டாவது நாள். சுமார் 2,200 உடல்கள். நூறு நூறாக அடுக்கி, மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்தார்கள்.

அதே புத்தாண்டில், ஜனங்களை வீட்டுக்குள்ளேயே பட்டாசு வெடிக்கச் சொன்னாராம் வூ. கந்தகப் புகை கிருமிக்கு ஆகாது என்ற நம்பிக்கை ஒரு பக்கம், வீட்டைப் பிடித்த பீடை ஒழியட்டும் என்ற மக்களின் நம்பிக்கை இன்னொரு பக்கம்.

அன்றிலிருந்து சாவு எண்ணிக்கை இறங்கியது. மார்ச் 1ஆம் தேதியோடு ஹார்பினில் நோய் நின்றது.

எரித்ததால்தான் நின்றதா? ஒரு டாக்டரா, அதை மட்டும் காரணம்னு சொல்ல எனக்கு மனசு வரல. மாஸ்க், தனிமைப்படுத்தல், ரயில் நிறுத்தம் எல்லாம் அதற்குள் வேலை செய்ய ஆரம்பித்திருந்தன. ஆனால் ஜனங்களுக்கு அந்தத் தீயில்தான் நம்பிக்கை திரும்பி வந்தது. அதுவும் ஒரு மருந்துதான்.

20/
மஞ்சூரியா முழுக்கச் சுமார் 60,000 பேர் இறந்தார்கள். ஃபூஜியாதியனில் மட்டும் 5,000க்கும் மேல், அதாவது ஏறக்குறைய அஞ்சு பேருக்கு ஒருத்தர்.

ஒரு மருந்தும் இல்லாத நோய். அறிகுறி வந்தவரைக் காப்பாற்ற வழியே இல்லை. வராதவரைக் காப்பாற்ற மட்டும் வழி இருந்தது. நாலு மாசத்தில் முடித்தார்கள்.

ஏப்ரல் மாதம் முக்டெனில் சர்வதேச ப்ளேக் மாநாடு. 11 நாடுகள். ப்ளேக் கிருமியோடு பெயர் இணைந்த ஜப்பானிய மேதை கிடசாட்டோவே வந்திருந்தார். தலைமை தாங்கியவர், பினாங்கில் மேல்பதவிக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட அந்த 32 வயது இளைஞர்.

21/
மியூசியத்துல இதையெல்லாம் படிச்சுட்டு வெளிய வந்தப்போ நாலு பேரும் பேசல. காவலாளி அய்யா ஒருத்தர் எங்க போனைச் சார்ஜ் போட்டுக் கொடுத்து, கண்ணாடி டம்ளர்ல வெந்நீர் ஊத்திக் கொடுத்தார். "இந்தியா? டாக்டர் படிப்பா?"ன்னு கேட்டார். ஆமான்னதும் வூவோட படத்தைக் காட்டி, கட்டை விரலைத் தூக்கினார். அதுக்கு மொழி தேவைப்படல.

குவோபாவ்ரோ கடையில மதுரைக்காரன் சொன்னான்: "அந்த மெஸ்னி மாதிரி ஆளுங்கதான்டா ஊர்ல நமக்காக காத்துட்டு இருக்காங்க. 'சைனா டாக்டர்'னு சிரிப்பானுங்க."

எல்லாரும் சிரிச்சோம். உள்ளுக்குள்ள சுருக்னுச்சு.

22/
மறுநாள் ஊரின் தெற்கே பிங்ஃபாங் போனோம். அங்கே இன்னொரு மியூசியம். ஜப்பானிய ராணுவத்தின் யூனிட் 731.

1930களில் இருந்து 1945 வரை, இஷீ ஷிரோ என்ற ராணுவ மருத்துவர் தலைமையில், உயிருள்ள மனிதர்கள் மேல் நோய்க்கிருமிகளைச் சோதித்த இடம். கைதிகளை அவர்கள் "மரக்கட்டை" என்று குறிப்பிட்டார்கள். குறைந்தது 3,000 பேர் அங்கே கொல்லப்பட்டதாகக் கணக்கு. ப்ளேக் தெள்ளுகளை வளர்த்து, 1940இல் நிங்போ நகரம் மேல் விமானத்திலிருந்து கொட்டினார்கள். போருக்குப் பிறகு, ஆய்வு விவரங்களைக் கொடுத்ததற்குப் பதிலாக இஷீயை அமெரிக்கா தண்டனையில்லாமல் விட்டது.

23/
யோசிச்சுப் பாருங்க. ஒரே ஊர். ஒரே கிருமி. வூ படித்த அதே நுண்ணுயிரியலைத்தான் இஷீயும் படித்தார். ஒருத்தர் கிருமியிடமிருந்து மனிதனைப் பிரித்தார். இன்னொருத்தர் மனிதனிடம் கிருமியைக் கொண்டு போனார்.

அங்கே நின்னப்போதான் எனக்கு மெஸ்னி மேல இருந்த கோபம் குறைஞ்சது. மெஸ்னி தப்பு பண்ணார், திமிர் பிடிச்சவர், எல்லாம் சரி. ஆனா நோயாளியைத் தொட்டுப் பார்க்கப் போய்ச் செத்தார். அவர் ஒரு டாக்டராத்தான் செத்தார்.

24/
வூவின் மீதிக் கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். ஹார்பினில் ப்ளேக் தடுப்புத் துறையை உருவாக்கி, அடுத்த இருபது வருஷம் அங்கேயே உழைத்தார். 1920-21இல் ப்ளேக் திரும்பி வந்தபோது சாவு பத்தாயிரத்துக்குள் அடங்கியது. 1926இல் அவர் ஹார்பினில் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்றைய ஹார்பின் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வேர்களில் ஒன்று. 1935இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. கிடைக்கவில்லை.

1937இல் ஜப்பானியப் படையெடுப்பு எல்லாவற்றையும் கலைத்தது. மலாயா திரும்பினார். அத்தனை பெரிய மனுஷன் ஈப்போவில் ஒரு சாதாரண கிளினிக் வைத்து, காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து கொடுத்தார். 1960இல் மறைந்தார்.

மலேசியாவில் இருந்து படிக்கிறவங்களே, உங்க தாத்தா பாட்டி யாராவது ஈப்போவில் அவர்கிட்ட மருந்து வாங்கியிருக்கலாம். கேட்டுப் பாருங்க.

25/
"ப்ளேக் எல்லாம் பழங்கதை டாக்டர்"னு நினைக்காதீங்க. 1994இல் சூரத்தில் இதே நுரையீரல் ப்ளேக் வந்தது. 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லட்சக்கணக்கானோர் ரயிலேறி ஓடினார்கள். 2019 நவம்பரில் உள் மங்கோலியாவில் இருந்து வந்த நோயாளிகளுக்கு பெய்ஜிங்கில் நுரையீரல் ப்ளேக் உறுதியானது. இன்னைக்கு ஆன்டிபயாடிக் இருக்கு, சீக்கிரம் கண்டுபிடித்தால் காப்பாத்தலாம். ஆனா "சீக்கிரம் கண்டுபிடிக்க" யாரோ ஒரு டாக்டர் தன் பழைய பாடத்தைச் சந்தேகப்படணும்.

26/
இப்போ முதல்ல சொன்ன வெட்கக் கதை.

மதுரைக்காரன் சொன்ன மாதிரியே நடந்தது. தகுதித் தேர்வு எழுதி, ஊர்ல பயிற்சி டாக்டரா சேர்ந்தப்போ "சைனா டாக்டர்"னு ஒரு சீனியர் வார்டுல எல்லார் முன்னாடியும் கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் நான் மனசுக்குள்ள வூவை நினைச்சுக்குவேன். "நீ மெஸ்னி, நான் வூ". அதுல ஒரு சுகம்.

பல வருஷம் ஆச்சு. இப்போ நானும் சீனியர்.

ஒரு ராத்திரி டூட்டி. மூணு வாரமா இருமலோட ஒரு பெரியவர் வந்தார். ஸ்டெத்தை எடுத்துட்டு நான் குனியறேன். பக்கத்துல இருந்த ஹவுஸ் சர்ஜன் பொண்ணு ஒரு மாஸ்க்கை நீட்டி, "சார், மாஸ்க்"ன்னுச்சு.

"இதெல்லாம் எத்தனை பார்த்திருக்கேன்மா"ன்னு சிரிச்சேன். கையைத் தள்ளிட்டுப் பரிசோதிச்சேன்.

ரெண்டு நாள் கழிச்சு சளிப் பரிசோதனை ரிசல்ட் வந்தது. டிபி பாசிட்டிவ்.

27/
எனக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அந்த ராத்திரியில ஒரு விஷயம் ரிசல்ட் வந்த பிறகுதான் உறைச்சது. நான் சிரிச்சதும், அந்தப் பொண்ணு தன் முகத்துல போட்டிருந்த மாஸ்க்கையும் மெதுவாக் கழட்டி கோட் பாக்கெட்ல வச்சுக்கிச்சு. சீனியரே போடல, நான் போட்டா பயந்தாங்கொள்ளின்னு நினைப்பாரோன்னு.

மெஸ்னியோட அலட்சியத்துக்கு மெஸ்னி விலை கொடுத்தார். என் அலட்சியத்துக்கு அந்தப் பொண்ணு விலை கொடுத்திருக்கலாம்.

அத்தனை வருஷமும் நான் வூன்னு நினைச்சுட்டு இருந்தேன். அனுபவம் ஏற ஏற நான் யாரா மாறிட்டு இருந்தேன்னு எனக்கே தெரியல.

28/
மறுநாள் அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். மெஸ்னி கதையைச் சொன்னேன். அவளுக்கும் எனக்கும் டெஸ்ட் எடுத்தோம், ரெண்டு பேருக்கும் பிரச்சினை இல்ல. அன்னைல இருந்து எங்க வார்டுல ஒரு பழக்கம்: இருமலோட வர்ற யாரா இருந்தாலும், முதல்ல மாஸ்க். சீனியர் மறந்தா ஜூனியர் சொல்லணும். சொன்னதுக்குக் கோபப்பட்டா, "மெஸ்னி சார்"னு கூப்பிட்டுக்கலாம். நான் ரெண்டு தடவை அந்தப் பட்டம் வாங்கியாச்சு.

29/
வெளிநாட்டுல படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு ஒரு வார்த்தை. லீவுல ஊர் சுத்துங்க. ஐஸ் அரண்மனை பாருங்க, போட்டோ போடுங்க, தப்பில்ல. ஆனா ஒரு நாளாவது டூரிஸ்ட் மேப்புல இல்லாத பேட்டைக்குள்ள போங்க. உங்க ஃபோர்த் இயர் புத்தகத்துல ரெண்டு வரியில முடிஞ்சுபோற விஷயம், அங்க ஒரு தெருவா, ஒரு படமா, ஒரு டம்ளர் வெந்நீரா உங்களுக்காகக் காத்திருக்கும்.

ஹார்பின் போனா தாவ்வாய்க்குப் போங்க. போனை உள்சட்டைப் பாக்கெட்ல வச்சுக்கோங்க, உடம்புச் சூட்டுல பேட்டரி தாங்கும். 😊

ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கற யாராவது உங்க வீட்டுல இருந்தா, நாளைக்கே சளிப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போங்க. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.